கேள்வி – பதில்: கிம்ச்சிக்குத் தனி விலையா?

தஞ்சை, கும்பகோணம், திருவாரூர் வட்டாரங்களில் கல்லூரி வாசல்களை ஒட்டிப் புதிதாக முளைத்துவரும் கொரிய உணவகங்களைப் பற்றியே இம்முறை கடிதங்கள் குவிந்திருப்பதால், அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கடிதங்களில் இருந்த கடைப் பெயர்களை நீக்கிவிட்டேன்.

ஐயா, என் மகள் வல்லம் அருகே பொறியியல் படிக்கிறாள். அவளுடைய பிறந்தநாளன்று நான், என் மனைவி, என் தாயார் மூவரும் சென்றிருந்தபோது, கல்லூரிக்கு எதிரே உள்ள கொரிய உணவகத்துக்கு எங்களை அழைத்துப் போனாள். பிபிம்பாப் இரண்டு 980 ரூபாய், கிம்பாப் 420, ராம்யோன் 380, தொக்பொக்கி 390, கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாய் 160, தண்ணீர் பாட்டில் இரண்டு 120, ஆக 2,450. அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. என்று 2,830 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். கிம்ச்சிக் கிண்ணத்தில் நாலைந்து துண்டுகள்தான் இருந்தன. என் தாயார், "தம்பி, இன்னும் ரெண்டு ஊறுகாய் வையப்பா" என்று கேட்டதற்கு, "பாட்டி, இன்னொரு கிண்ணம்னா இன்னொரு 160 ஆகும்" என்றார் பரிமாறிய பையன். கொரியச் சாப்பாடு என்றாலே இவ்வளவு விலைதானா, அல்லது எங்களை ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகர், பாபநாசம்

உணவுக்கு வாங்கிய தொகையை ஏமாற்று என்று சொல்ல இடமில்லை. விலைப்பட்டியலில் அச்சிட்ட விலையைத்தான் வாங்கியிருக்கிறார்கள், அதைப் பார்த்த பிறகுதான் நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் கொரிய உணவு என்றாலே விலை கூடியது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். நீங்கள் சாப்பிட்டவற்றில், காய்கறியும் முட்டையும் சேர்த்துப் பிசையும் சோறான பிபிம்பாப் ஒன்றைத் தவிர மற்ற மூன்றும் அந்த நாட்டில் சில்லறைக் காசுக்குப் பசியாற்ற வந்த பண்டங்கள். ராம்யோன் என்னும் உடனடி நூடுல்ஸை 1963ஆம் ஆண்டு சம்யாங் நிறுவனம் அங்கே முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது ஒரு பாக்கெட்டின் விலை அந்நாட்டு நாணயத்தில் 10 வான்தான். கொரியப் போருக்குப் பின் அரிசித் தட்டுப்பாடு நீடித்த அந்தக் காலத்தில், வெறும் அரிசிச் சோறு உண்ணாமல் வாற்கோதுமையையும் கோதுமை மாவையும் சேர்த்துக்கொள்ளும்படி அரசாங்கமே மக்களை வற்புறுத்தியது. சோற்றில் வாற்கோதுமை கலந்திருக்கிறதா என்று பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டியை ஆசிரியர்கள் திறந்து பார்த்ததும் உண்டு. காரக் குழம்பில் வெந்த அரிசிமாவுத் துண்டுகளான தொக்பொக்கி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் தள்ளுவண்டியில் நின்றபடியே தின்பது. சோற்றைக் கடற்பாசித் தாளில் சுருட்டிய கிம்பாப், சுற்றுலாவுக்குக் கட்டிக்கொண்டு போகும் கட்டுச்சோறு. கல்லூரி மாணவர்கள் காலையில் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக, நம் பணத்தில் சுமார் 60 ரூபாய்க்குச் சமமான 1,000 வானுக்குச் சிற்றுண்டி வழங்கும் திட்டத்தை 2017இல் தொடங்கிய நாடு அது.

உங்கள் தாயார் கேட்டதில் தவறே இல்லை. சொல்லப்போனால் அந்த மேசையில் கொரிய வழக்கப்படி நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அங்கே சாதாரண உணவகத்தில் உட்கார்ந்து ஒரு சோறோ ஒரு குழம்போ சொன்னால், கேட்காமலேயே சிறு சிறு தட்டுகள் வந்து அடுக்கப்படும். கிம்ச்சி, சோயா முளைப்பயறு, நல்லெண்ணெய் விட்டுப் பிரட்டிய கீரை, மஞ்சள் முள்ளங்கி, வறுத்த நெத்திலி என்று கடைக்குக் கடை, நாளுக்கு நாள் அவை மாறும். பன்சான் என்று பெயர் பெற்ற இந்தத் தொடுகறிகளுக்குத் தனி விலை கிடையாது. தீர்ந்தால் மறுபடியும் வைப்பார்கள். குடிக்கும் தண்ணீருக்கும் காசில்லை, பரிமாறுபவருக்கு டிப்ஸ் கொடுக்கும் பழக்கமும் இல்லை. கும்பகோணத்தில் இலை போட்டுச் சாப்பாடு போடும் ஒரு மெஸ்ஸில், இரண்டாம் தடவை ரசம் கேட்டவர் கணக்கில் கூட்டுக்கும் ரசத்துக்கும் தனித்தனியாக விலை ஏற்றினால் எப்படி இருக்குமோ, கிம்ச்சிக்கு 160 ரூபாய் என்பதும் அப்படித்தான் இருக்கிறது. முதன்மை உணவின் விலை 490 என்றால் அந்த விலைக்குள்ளேயே தொடுகறிகளும் அடங்கியிருக்க வேண்டும். அவற்றைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்கிற கடைக்காரர், கொரியாவிலிருந்து சாஸை வரவழைத்தவர், பரிமாறும் முறையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். விலையைவிட எனக்கு உறுத்துவது இதுதான்.

உங்கள் கணக்கில் சட்டப்படியே தவறான ஒன்று உண்டு, அது சேவைக் கட்டணம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதி வெளியிட்ட நெறிமுறைகளின்படி, எந்த உணவகமும் சேவைக் கட்டணத்தைத் தானாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது; உணவு விலையோடு அதைக் கூட்டி, மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. போடவும் கூடாது. உங்களிடம் இரண்டையும் செய்திருக்கிறார்கள். 2,450க்கு 5 சதவீத வரி சேர்த்தால் 2,572 ரூபாய் 50 காசுதான் வரும். மீதி இருநூற்று ஐம்பத்தேழு ரூபாய்ச் சொச்சம் நீங்கள் விரும்பினால் மட்டும் கொடுத்திருக்க வேண்டிய பணம். உணவக உரிமையாளர்களின் சங்கங்கள் இந்த நெறிமுறைகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்பதைச் சாக்காக வைத்து உங்களிடம் வசூலிக்க முடியாது. அடுத்த முறை சேவைக் கட்டணத்தை நீக்கித் தரும்படி கேளுங்கள். மறுத்தால் பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போவதானாலும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இருநூற்று ஐம்பது ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். பெரும்பாலும் கல்லாவில் 1915 என்று சொன்ன மாத்திரத்திலேயே வேறு பில் வந்துவிடும்.

கொரியச் சமையலுக்கான சாஸ், கடற்பாசி, அரிசி எல்லாமே இறக்குமதி. ஏ.சி., அலங்காரம், வாடகை என்று செலவு வேறு. பீட்சாவுக்கு 500 ரூபாய் கொடுக்கும்போது வாய் திறக்காத பெரியவர்கள், கொரிய உணவகத்தை மட்டும் கொள்ளை என்பது ஏன்?
— கல்லூரி மாணவர், திருமலைசமுத்திரம்

பீட்சாவுக்கும் பெரியவர்கள் வாய் திறக்கத்தான் செய்கிறார்கள், உங்கள் காதில் விழவில்லை போலும்.

மற்றபடி உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கோச்சுஜாங் என்பது மிளகாய்த்தூளை ஒட்டும் அரிசி, நொதித்த சோயா மாவு ஆகியவற்றோடு கலந்து மாதக் கணக்கில் ஊற வைத்துச் செய்யும் விழுது. நம் வீட்டு மிளகாய் அரைத்தால் அந்தச் சுவை வராது. வறுத்த எள்ளிலிருந்து எடுக்கும் அவர்களுடைய எண்ணெயின் மணத்துக்கு, வறுக்காத எள்ளை ஆட்டிய நம் செக்கு நல்லெண்ணெய் ஈடாகாது. அரிசியும் அப்படியே: அவர்களுக்குக் குட்டையான, ஒட்டும் ஜப்பானிக்கா இனம் வேண்டும், நம் பொன்னிச் சோற்றைக் கடற்பாசியில் சுருட்டினால் அறுக்கும்போதே உதிர்ந்துவிடும். (அந்த இனத்துக்கும் நம் வயலுக்கும் உறவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1960களில் தஞ்சை மாவட்டம் முழுவதும் பரவிய ஆடுதுறை 27, ஜப்பானிய நெல்லோடு நம் ஜி.இ.பி. 24 என்ற நெல்லை ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய ரகம்தான்.) இன்னொன்றும் கடைக்காரர் பக்கம் பேசுகிறது. 5 சதவீத வரி வசூலிக்கும் உணவகம், தான் வாடகைக்கும் சரக்குக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ள முடியாது என்பதால், அந்தச் சுமையும் விலையில்தான் ஏறும்.

ஆயினும் ஒரு கிண்ணம் பிபிம்பாப்பைப் பிரித்துப் பாருங்கள். விலையுயர்ந்த கோச்சுஜாங் அதில் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போகாது. மற்றவை கீரை, கேரட், முளைப்பயறு, முள்ளங்கி, ஒரு முட்டை, அத்தனையும் தஞ்சைக் காமராஜர் மார்க்கெட்டில் கிடைப்பவை. இறக்குமதி என்ற காரணம் சில பத்து ரூபாய்களை விளக்கும், சில நூறு ரூபாய்களை விளக்காது. ராம்யோனில் அந்த விளக்கமும் எடுபடாது. பெரிய கடைகளில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பாக்கெட்டைப் பிரித்து, வெந்நீரில் போட்டு, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி 380 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். மிச்சமெல்லாம் குளிரூட்டிய அறைக்கும், சுவரில் ஒட்டிய படங்களுக்கும், இரண்டு மணி நேரம் யாரும் எழுந்திருக்கச் சொல்லாத நாற்காலிக்கும் போகிறது. தெரிந்தே அதற்குப் பணம் கொடுப்பவரை நான் குறை சொல்லமாட்டேன்.

சென்னையின் நிலைமை வேறு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது முதல் கொரியப் பொறியாளர்களும் அவர்களுடைய குடும்பங்களும் அங்கே வந்து தங்கினார்கள், அவர்களுக்காகவே அங்கே கொரிய உணவகங்கள் பெருகின. தொடுகறி வைக்காத கடையில் அவர்கள் மறுநாள் கால் வைக்கமாட்டார்கள் என்பதால் அங்கே வழக்கம் பிசகவில்லை. இங்கே வருபவர்கள் கைப்பேசித் திரையில் கொரியத் தொடர் பார்த்து ஆசைப்பட்டவர்கள். எது இலவசமாக வரவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது என்பது கடைக்காரருக்கு நன்றாகத் தெரிகிறது.

நாங்கள் சுத்த சைவம். கிம்ச்சி வெறும் முட்டைக்கோஸ்தானே என்று என் பேத்தி சொல்கிறாள். சாப்பிடலாமா?
— வாசகி, கும்பகோணம்

கேட்காமல் சாப்பிட வேண்டாம் அம்மா. கிம்ச்சியின் மூலப்பொருள் முட்டைக்கோஸ்தான் என்றாலும், வழக்கமான செய்முறையில் அது புளித்து ருசி ஏறுவதற்காக உப்பில் ஊறிய இறாலையும் மீன் சாறையும் சேர்ப்பார்கள். தொக்பொக்கியின் சிவப்புக் குழம்புக்கு அடிப்படை, நெத்திலியும் கடற்பாசியும் கொதித்த நீர். ராம்யோன் பொடியில் மாட்டிறைச்சிச் சாறு இருப்பது சகஜம். "காய்கறிதான், அசைவம் போடவில்லை" என்று பரிமாறுபவர் சொன்னால், இறைச்சித் துண்டு போடவில்லை என்பதுதான் பலமுறை அதன் பொருள். மீன் சாறு, இறால், சூப் பொடி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விசாரியுங்கள். பொடியும் சாஸும் வந்த பாக்கெட்டைக் காட்டச் சொல்லி, பச்சை வட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது.

கொரியாவில் சைவமே இல்லை என்பதும் சரியன்று. அங்குள்ள பௌத்த மடங்களில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்காமல் சமைக்கிறார்கள், கிம்ச்சியையும் அப்படியே போடுகிறார்கள். அந்தச் சமையல் நம் ஊர் உணவகங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 60 ரூபாய் வாங்குவது குற்றமில்லையா? அதோடு, எல்லா உணவகமும் ஜி.எஸ்.டி. வசூலிக்கலாமா?
— வாசகர், மயிலாடுதுறை

முதல் கேள்விக்கு உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உணவகத்தில் அமர்ந்து அருந்தும் பாட்டில் நீருக்கு, அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. அங்கே தண்ணீரோடு இடமும் பணிவிடையும் சேர்ந்தே வழங்கப்படுகின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆகையால் மூடியைத் திருகுவதற்கு முன் விலையைக் கேளுங்கள், அல்லது சாதாரணக் குடிநீர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவதற்கு: கூடாது. ஜி.எஸ்.டி.யின் இணக்க வரித் (காம்போசிஷன்) திட்டத்தில் சேர்ந்த சிறு உணவகங்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்க முடியாது. ஜி.எஸ்.டி. என்று எழுதி வாங்கும் ரசீதில் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணும், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருந்தாக வேண்டும். துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதித் தந்தால் முறையான ரசீது கேளுங்கள், ரசீது தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

கொரிய அரச வம்சத்தின் தாய் தமிழ்நாட்டு இளவரசி என்கிறார்களே, தமிழர்களுக்குத் தள்ளுபடி கேட்கலாமா?
— வாசகர், திருவாரூர்

13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சம்குக் யூசா என்னும் நூல், அந்த அரசி அயுத்தா நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தவள் என்கிறது. அயுத்தாவைத் தங்கள் ஊர் என்று சொல்ல அயோத்திக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். அது முடிவாகட்டும், அதன் பிறகு கல்லாவில் பேசிப் பார்க்கலாம். கல்லாவில் இருப்பவரும் நம் ஊர்க்காரர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

விடுதியில் தங்கிப் படிக்கிறேன். மாதத்தில் ஒரு நாள், 500 ரூபாய்தான் கையில். கொரிய உணவகத்தில் எதைச் சொன்னால் பணத்துக்கு மோசமில்லை?
— மாணவி, மன்னார்குடி

ராம்யோனைச் சொல்லாதீர்கள், விடுதிக் காப்பாளர் கெட்டிலுக்குத் தடை போடவில்லை என்றால் அதை அறையிலேயே செய்துகொள்ளலாம். கிம்பாப் பெரும்பாலும் காலையில் சுருட்டி வைத்து மாலையில் விறைத்துப் போயிருக்கும். பிபிம்பாப் சொல்லுங்கள், ஆனால் சூடான கல் கிண்ணத்தில் தருகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். எவர்சில்வர் கிண்ணத்தில் வருவதற்கும் அதே விலை என்றால் வேறு கடை பார்க்கலாம். கூடவே எந்தத் தொடுகறி வரும், இன்னொரு முறை வைப்பார்களா என்பதையும் உட்காரும்போதே கேட்டுவிடுங்கள். கல் கிண்ணம் வந்தவுடன் கிளறிவிடாதீர்கள். சடசடவென்று பொரியும் சத்தம் அடங்கும் வரை இரண்டு நிமிடம் விட்டால் அடியில் பொன்னிறமாகக் காந்தல் பிடிக்கும். பிறகு விழுதைப் பாதியளவு மட்டும் போட்டு, காய்களையும் முட்டையையும் சேர்த்து அடியிலிருந்து புரட்டிப் பிசைந்துகொள்ளுங்கள். காரம் போதவில்லை என்றால் மீதியைச் சேர்க்கலாம். முழுவதையும் முதலிலேயே கொட்டிவிட்டால் கீரையும் முள்ளங்கியும் ஒரே சுவையாகிவிடும்.