18 இலக்க பேலட் எண், அட்டவணையில் ஏன் மாறிப்போகிறது?

கேள்வி: கிடங்கிலிருந்து தினமும் வரும் சிஎஸ்வி கோப்பை ஆர் மார்க்டவுனில் (ஆர் மொழி நிரலோடு அறிக்கை எழுதும் வடிவம்) படித்து, நிட்டர் பேக்கேஜின் கேபிள் ஃபங்ஷனால் அட்டவணை போடுகிறேன். 18 இலக்க எஸ்எஸ்சிசி எண்கள் (ஒவ்வொரு பேலட்டுக்குமான அடையாள எண்) எல்லாமே 3.890123ஈ+17 என்று வருகின்றன. சைபென் ஆப்ஷனை 999 ஆக்கியதும் முழு எண் வந்தது, ஆனால் லேபிளில் உள்ள எண்ணோடு பொருந்தவில்லை. என்ன செய்வது?

பதில்: சைபென், எண்ணை எப்படிக் காட்டுவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. உங்கள் எண் அதற்கு முன்பே, கோப்பைப் படிக்கும்போதே கெட்டுவிட்டது.

ரீட்.சிஎஸ்வி ஒரு நெடுவரிசை முழுக்க இலக்கங்களாக இருந்தால் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஆரின் சாதாரண முழு எண் வகை சுமார் 214 கோடியோடு முடிந்துவிடுவதால், அதைவிடப் பெரியது தசம எண்களுக்கான டபுள் வகைக்குப் போகும். டபுளில் முழு எண்கள் 9007199254740992 வரைதான் ஒன்றுவிடாமல் இருக்கும். உங்கள் எண்கள் இருக்கும் உயரத்தில் அடுத்தடுத்த இரு டபுள்களுக்கு இடைவெளி 64.

ஒரு மாதிரியைப் பாருங்கள். அடுத்தடுத்த மூன்று பேலட்கள்: 389012345678901237, 389012345678901244, 389012345678901251. மூன்றும் சரிபார்ப்பு இலக்கத்தோடு (மற்ற 17 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் கடைசி இலக்கம்) பொருந்தும் எண்கள். டபுளாக மாறியதும் மூன்றுமே 389012345678901248 ஆகிவிடும். இதன் சரிபார்ப்பு இலக்கம் 4 ஆக இருக்க வேண்டும், இருப்பதோ 8. சரிபார்ப்பு இலக்கத்தைப் பார்க்கும் எந்த மென்பொருளும் இதை ஏற்காது. அதைவிட மோசம், இந்த நெடுவரிசையை வைத்து இன்னொரு அட்டவணையோடு நீங்கள் மெர்ஜ் செய்திருந்தால் ஒரு பேலட்டின் சரக்கு மூன்று பேலட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு எந்த எச்சரிக்கையும் வராது.

எஸ்எஸ்சிசி பெயருக்குத்தான் எண். அதைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. ஆகவே எழுத்துச்சரமாகவே படியுங்கள். ரீட்.சிஎஸ்வியில் கால்கிளாசஸ் ஆர்க்யுமென்டில் அந்த நெடுவரிசையின் பெயருக்கு நேரே 'கேரக்டர்' என்று கொடுத்தால் போதும். ரீடர் பேக்கேஜ் என்றால் கால்_கேரக்டர். நியூமரல்ஸ் ஆர்க்யுமென்டை 'நோ.லாஸ்' என்று வைக்கச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை: அன்றைய கோப்பில் என்ன எண்கள் வந்தன என்பதைப் பொறுத்து நெடுவரிசையின் வகை மாறும். படித்த பிறகு ஆஸ்.கேரக்டர் போடுவதும் வீண். போன இலக்கம் திரும்பாது.

டேட்டா.டேபிள் பேக்கேஜின் எஃப்ரீட் பயன்படுத்தினால் பெரிய முழு எண்களுக்கான இன்டிஜர்64 வகை கிடைக்கும், இலக்கம் தொலையாது. ஆனால் அந்த வகையைக் கையாளும் பிட்64 பேக்கேஜ் லோட் ஆகாத இடத்தில் அதே நெடுவரிசை ஈ-282 போன்ற விசித்திரமான சிறு எண்களாகத் தெரியும். பூஜ்யத்தில் தொடங்கும் எஸ்எஸ்சிசியின் முதல் பூஜ்யமும் இயல்பாகவே உதிர்ந்துவிடும். அங்கும் கால்கிளாசஸே வழி.

கோப்பு எக்செல் வழியாக வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. எண்ணாகத் திறந்து சேமித்த கோப்பில் குறைந்தது கடைசி மூன்று இலக்கங்களாவது பூஜ்யமாகியிருக்கும். அப்படிப்பட்ட கோப்பை ஆரில் எப்படிப் படித்தாலும் பயனில்லை. கிடங்கு மென்பொருளிலிருந்து நேரடி ஏற்றுமதியைக் கேட்டு வாங்குங்கள்.

அட்டவணையில் எழுத்துச்சரம் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். பிடிக்காவிட்டால் கேபிளின் அலைன் ஆர்க்யுமென்டில் 'ஆர்' (வலப்பக்கம்) கொடுக்கலாம்.

கோப்பைப் படிக்கும் சங்க்கின் (அறிக்கைக்குள் இருக்கும் நிரல் பகுதி) கடைசி வரியில் ஸ்டாப்இஃப்நாட் வைத்து, எஸ்எஸ்சிசி நெடுவரிசையின் எல்லா மதிப்புகளுக்கும் என்கேர், அதாவது எழுத்துகளின் எண்ணிக்கை, 18தானா என்று சோதியுங்கள். தவறினால் அறிக்கை உருவாகாமலே நின்றுவிடும். முந்தைய முடிவுகளைச் சேமித்துவைக்கும் கேஷ் வசதியை ஆன் செய்திருந்தால் இந்த மாற்றத்துக்குப் பிறகு கேஷ் ஃபோல்டரை ஒருமுறை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் படிக்கும் சங்க் புதிதாக ஓடினாலும், அட்டவணை போடும் சங்க் 248-இல் முடியும் பழைய எண்ணையே எடுத்து நீட்டும்.