சிலுவையின் செலவு யார் கணக்கில்?

கேள்வி: இராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கராக இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகும்படி அழைப்பை உணர்கிறேன். தங்கையின் படிப்புக்கு வாங்கிய கடன் என் பெயரில் இருக்கிறது, அம்மா அழுகிறார். தாய் தகப்பனை வெறுக்காதவன் தமக்குச் சீஷனாயிருக்க முடியாது என்று இயேசுவே சொல்லியிருக்க, நான் ஏன் தயங்க வேண்டும்? தவிர, கழிவுநீர்ப் பதிவேட்டில் மேலாளர் சொல்லும் எண்களை எழுதிக் கையெழுத்திடும் இந்த வேலையில் நிம்மதியும் இல்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புச் சகோதரருக்கு, நீங்கள் குறிப்பிடும் லூக்கா 14-ஆம் அதிகாரத்தில், அந்த வசனத்துக்கு இரண்டு வசனம் தள்ளி, கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்கிறார். கணக்கரான உங்கள் கண்ணில் அது படாமல் போனது எனக்கு வியப்பாக இருக்கிறது. 33-ஆம் வசனமும் தனக்கு உண்டானவற்றை விட்டுவிடத்தான் சொல்கிறது. தங்கைக்கும் தாய்க்கும் உரியதை விட்டுக்கொடுக்கும் உரிமையை அது நமக்குத் தரவில்லை. உங்கள் சம்பளத்தை, பதவி உயர்வை, ஊரார் மதிப்பை நீங்கள் இழக்கலாம். கடன் தவணையை அம்மாவின் தலையில் வைத்துவிட்டுப் போனால், சீஷத்துவம் உங்களுடையதாகவும் செலவு அவருடையதாகவும் ஆகிவிடும். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை மாற்கு 7-இல் இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதை ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.

உங்கள் ஊரில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள், பெண் மருத்துவர் இல்லாத காரணத்தால் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மனம் மாறினார். ஆனாலும் மறுநாளே ஊழியத்தில் குதித்துவிடவில்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையோடு பணியைத் தொடங்கினார். அழைப்புக்கும் புறப்பாட்டுக்கும் இடையில் கழிந்த அந்த ஆண்டுகளையும் நான் கீழ்ப்படிதலாகவே எண்ணுகிறேன்.

இனி, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய பதிவேட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். தோல் கழிவுநீர் பாலாற்றையும் சுற்றுப்புறக் கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. பொய்யான எண்ணுக்குக் கீழே விழும் ஒவ்வொரு கையெழுத்தும் அந்தச் செலவை மறுபடியும் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர் மேலேயே தள்ளுகிறது. லூக்கா 9:23 சிலுவையை நாள்தோறும் எடுக்கச் சொல்கிறது. உங்களுக்கு அது தினமும் காலையில் மேசைமேல் விரித்து வைக்கப்படுகிறது. வேலையை விட்டுப் போனால் அந்தக் கையெழுத்திலிருந்து கௌரவமாகத் தப்பிவிடலாம் என்ற எண்ணம் உங்கள் அழைப்பில் கொஞ்சமாவது கலந்திருக்கிறதா என்பதை நீங்கள்தான் சோதித்தறிய வேண்டும்.

ஆகவே, முதலில் மேலாளரிடம், அளந்த எண்ணை மட்டுமே எழுதுவேன் என்று பணிவாகச் சொல்லுங்கள். வேலை போகக்கூடும், இல்லையென்று நான் ஆறுதல் சொல்ல மாட்டேன். அதனால் சொல்வதற்கு முன்பே வேறு இடத்தில் கணக்கர் வேலைக்கு விண்ணப்பித்து வையுங்கள், அம்மாவிடமும் காரணத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். நீங்கள் ஊழியத்துக்குப் போவதை எதிர்த்து அழுகிறவர், இதைக் கேட்டு உங்கள் பக்கம் நிற்கவும் கூடும். தங்கை வேலைக்குச் சேர்ந்தபின் கடனை எப்படிப் பகிர்ந்து அடைப்பது என்பதை மூவரும் உட்கார்ந்து பேசித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இறையியல் படிப்பைப் பற்றி அதன் பிறகு உங்கள் ஆயரிடம் பேசலாம். பேசும்போது அந்தத் தாளையும் பதிவேட்டு விவகாரத்தையும் சேர்த்தே அவர்முன் வையுங்கள்.