பன்னிரண்டு வயதில் ஹாக்கியா?

கேள்வி: ஓட்டம், நீளம் தாண்டுதல் என்றிருந்த என் பையன், 12 வயசில் ஹாக்கி கோல்கீப்பராக வேண்டும் என்கிறான். லேட்டாகிவிட்டதா சார்?
- ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு

பதில்: இல்லைம்மா. உங்கள் மாநிலத்து ஹாக்கி கோல்கீப்பர் ஸ்ரீஜேஷே ஏறக்குறைய அந்த வயதில்தான் திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார், அதுவும் ஓட்டம், வாலிபால் என்று சுற்றிவிட்டு, பயிற்சியாளர் சொன்ன பிறகே கோல்கீப்பர். 2006-ல் இந்திய அணிக்குள் வந்தவருக்கு ஒலிம்பிக் வெண்கலப் பதக்கம் கிடைத்தது 2021-ல். அந்தப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனியை 5-4 என வென்றபோது, கடைசி நொடிகளில் எதிரணிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை (தவறுக்காகத் தரப்படும் கோல் வாய்ப்பு) தடுத்தவர் அவர்தான். 2024 பாரிஸில் இன்னொரு வெண்கலம், அத்தோடு ஓய்வு. கோல்கீப்பருக்கு ஆட்ட ஆயுசு கெட்டி, ஆனால் களத்தில் இடம் ஒன்றே ஒன்று, பெஞ்சில் உட்காரப் பொறுமை வேண்டும். அப்புறம், கால் பேட், ஹெல்மெட் எல்லாம் விலை அதிகம். கிட் தரும் பள்ளியாகப் பாருங்கள்.