ஹார்டு டிஸ்க் மக்கர் பண்ணினால்: கேள்வி பதில்

பாம்பன், ஸ்டூடியோ வைத்திருப்பவர்: அண்ணே, கல்யாண வீடியோ எல்லாம் இருக்கிற டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடுமாமே?

பதில்: வேண்டாம் தம்பி, உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். அந்தச் சத்தம் வந்தால் பெரும்பாலும் ஹெட் (தட்டைப் படிக்கும் முனை) போயிருக்கும். மறுபடி மறுபடி ஆன் செய்தால், வீடியோ பதிந்திருக்கும் தட்டை அது கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்ததை எந்த லேபாலும் எடுக்க முடியாது. வயரைப் பிடுங்கிவிட்டு, தூசி புகாத அறை வைத்திருக்கும் ரெக்கவரி லேபுக்கு அனுப்புங்கள். கடை மேசையில் வைத்து மூடியைத் திறக்க யாரையும் விடாதீர்கள்.

மண்டபம், இறால் கம்பெனியில் கணக்கு எழுதுபவர்: சார், சத்தம் இல்லை. ஆனால் விண்டோஸ் வரவே அரை மணி நேரம் ஆகிறது, காப்பி பாதியில் நிற்கிறது. செக்டிஸ்க் ஓட்டட்டுமா?

பதில்: இப்போது ஓட்ட வேண்டாம்மா. செக்டிஸ்க் விண்டோஸின் பிழை திருத்தும் கருவி; டிஸ்க்கிலேயே திருத்தி எழுதும். தேறுமா என்று தெரியாத டிஸ்க்கில் எழுதவே கூடாது. முதலில் நகல், அப்புறம்தான் ரிப்பேர். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் 197-ஆம் எண்ணைப் பாருங்கள்; அதில் C5 என்று இருக்கும். படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு சிறு பகுதிகள்) கணக்கு அது. ஏறிக்கொண்டே போனால் தாமதிக்காதீர்கள். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற நகல் எடுக்கும் கருவியை ஓட்டிப் புது டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். சாதாரண காப்பி கெட்ட இடத்தில் முட்டி நின்றுவிடும்; இது அதைத் தாண்டிப் போய் நல்லதை எல்லாம் அள்ளிக்கொண்டு, பிறகு திரும்பி வந்து மிச்சத்தை முயன்று பார்க்கும். எதுவரை எடுத்தது என்று அது குறித்துவைக்கும் மேப் ஃபைலை வேறொரு பென்டிரைவில் வைத்தால், கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். என்டர் தட்டும் முன் எது பழைய டிஸ்க், எது புதியது என்று சீரியல் நம்பரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மாறிப்போனால் இத்தனை வருடக் கணக்கும் அழியும். செக்டிஸ்க், டெஸ்ட்டிஸ்க் (தொலைந்த பார்ட்டிஷனை மீட்கும் கருவி) எல்லாம் நகலில் மட்டும்.

தொண்டி, பிரவுசிங் சென்டர்: அண்ணே, பயாஸில் ஒரு நாள் டிஸ்க் தெரிகிறது, மறுநாள் காணோம்.

பதில்: நம்ம ஊர் உப்புக் காற்றில் முதல் சந்தேகம் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான். முனைகள் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, புதுக் கேபிள் போடுங்கள். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199 (கேபிளில் தரவு பிழையாகப் போன கணக்கு; கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் C7) அதற்கு மேல் ஏறவில்லை என்றால் கோளாறு கேபிளில்தான் இருந்தது. தேதியும் தப்பாகக் காட்டினால் சிஆர்2032 பேட்டரியை மாற்றி, பயாஸில் யூஇஎஃப்ஐ, லெகசி என்ற இரண்டு பூட் முறைகளில் முன்பு எது இருந்ததோ அதையே வையுங்கள்.

கீழக்கரை: காக்கா, எஸ்எஸ்டியில் தவறி அழித்த போட்டோ வருமா?

பதில்: அழித்த இடத்தைக் காலியாக்கச் சொல்லும் டிரிம் கட்டளை ஓடியிருந்தால் வராது. அந்தப் போட்டோ எடுத்த கேமரா கார்டு கையில் இருந்தால் அதில் போட்டோரெக் (அழிந்த ஃபைலை மீட்கும் மென்பொருள்) ஓட்டிப் பாருங்கள்.

ராமேசுவரம்: எக்ஸ்டர்னல் டிஸ்க் படகிலிருந்து கடலில் விழுந்தது. எடுத்து வெயிலில் காயவைத்திருக்கிறோம்.

பதில்: உடனே வெயிலிலிருந்து எடுத்துவிடுங்கள்! காய்ந்தால் உப்பு தட்டில் படிந்துவிடும். ஈரத்துணியில் சுற்றி, காற்றுப் புகாத கவரில் போட்டு இன்றைக்கே லேபுக்கு அனுப்புங்கள். ஒரு தடவைகூடச் சொருகிப் பார்க்க வேண்டாம்.