மகிழ உந்துவது

கேள்வி: பொருட்காட்சியில் பேரனோடு மோதல் மகிழுந்தில் ஏறினேன். கொடுத்த நேரம் முழுக்க வண்டி ஒரு மூலையிலேயே முட்டிக்கொண்டு நின்றது. இறங்கியதிலிருந்து பேரன் என்னோடு பேசவில்லை. அதை ஓட்டுவது எப்படி? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: ஓட்டுவது இருக்கட்டும். அதென்ன மகிழுந்து?

அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை. காருக்கு அப்படிப் பெயர் வைத்த பெரியவர் வாழ்நாளில் மாதத் தவணை கட்டியிருக்க மாட்டார், தி.நகரில் கார் நிறுத்த இடம் தேடி நாலு சுற்று வந்திருக்கவும் மாட்டார். பேருந்துக்கு நான் ரசிகன். சரக்குந்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மகிழுந்தைக் கண்டால் மட்டும் அடித்துவிட்டுக் கார் என்று போடுவேன். எங்கள் மெய்ப்புத் திருத்துநர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அதை அடித்துவிட்டு மறுபடி மகிழுந்து என்று போடுவார். இதழில் எந்தச் சொல் வரும் என்பது அன்றைக்குக் கடைசியாக வீட்டுக்குப் போனது யார் என்பதைப் பொறுத்தது.

உங்கள் கேள்வியைப் படித்ததும் தோற்றுப்போனேன். மகிழ உந்துவதுதான் மகிழுந்து என்றால், அந்தப் பெயருக்குத் தகுதியான கார் உலகத்தில் இது ஒன்றுதான். லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். பின்னால் வந்து இடித்தவன் இறங்கி வந்து சட்டையைப் பிடிப்பதில்லை. பல்லைக் காட்டிவிட்டு இன்னொரு தடவை இடிக்கிறான்.

ஊர் வழக்கில் இதற்கு டேஷிங் கார் என்று பெயர். மோதத்தான் வந்திருக்கிறோம் என்று நாமாவது நேர்மையாகச் சொல்கிறோம். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஸ்டோரர் என்ற குடும்பத்தார் இதற்குக் காப்புரிமை வாங்கி, டாட்ஜெம் என்று பெயர் வைத்து விற்றார்கள். விலகிப் போவது என்ற பொருளில் வைத்த பெயர். இங்கிலாந்துக்காரர்கள் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். மோதக்கூடாது என்று பலகை மாட்டிவைக்கிற திடல்கள் அங்கே உண்டு. கல்யாணத்துக்குக் கூப்பிட்டு மொய்யும் வாங்கிக்கொண்டு, பந்தியில் உட்காராதே என்பது மாதிரி.

அந்தக் காப்புரிமையில்தான் உங்களுக்கு நல்ல சேதி இருக்கிறது. வண்டி ஏறியவனுக்கு எளிதில் அடங்கக் கூடாது, தாறுமாறாக ஓடி மற்ற வண்டிகளில் மோத வேண்டும் என்பதையே நோக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனவே ஐயா, உங்களுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே திட்டம் போட்டு உங்களை மூலையில் நிறுத்தியிருக்கிறார்கள். பேரனிடம் சொல்லுங்கள்.

அவன் நம்பாவிட்டால்: பின்னால் கம்பம் நட்டு, மேலே கம்பிவலையைத் தொட்டுக்கொண்டு ஓடும் பழைய வகை வண்டியில் மின்சாரம் வலையிலிருந்து கம்பம் வழியாக இறங்கி, இரும்புத் தரை வழியாகத் திரும்பிப் போகிறது. பிரேக் இல்லை, கியர் இல்லை, ஒரே ஒரு மிதிதான். ரிவர்ஸ் எங்கே என்று நீங்கள் தேடியிருப்பீர்கள். அது ஸ்டியரிங்கிலேயே இருக்கிறது. இழுக்கும் சக்கரம் ஸ்டியரிங்கோடு சேர்ந்து முழு வட்டமும் சுற்றும். மூலையில் முட்டினால் மிதியிலிருந்து காலை எடுக்காமல் ஸ்டியரிங்கை ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். பாதி வட்டம் தாண்டினால் வண்டி பின்னால் வந்துவிடும். நாம் பதற்றத்தில் இடம், வலம், இடம் என்று ஆட்டுகிறோம், அது அங்கேயே நிற்கிறது. அப்புறம், கரண்டை நிறுத்துகிற வரை எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். நீங்கள் ஓய்ந்தாலும் மற்றவர்கள் ஓய்ந்திருக்க மாட்டார்கள்.

மகிழுந்து விஷயத்தில் நான் தோற்றது திருத்துநருக்குத் தெரியக் கூடாது. அதனால் இந்தப் பக்கத்தை மட்டும் அவரிடம் காட்டாமலே அச்சுக்கு அனுப்புகிறேன். ஒற்றுப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.