அணியின் தொண்டு யாருக்காக?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சிறுவயதிலிருந்தே ஒரே கால்பந்து அணியின் ரசிகன் நான். என் அக்கா மகனும் அப்படியே. அவனுக்கு 9 வயது. சில மாதங்களாக மருத்துவமனையில் சிகிச்சையில் இருக்கிறான். போன மாதம் எங்கள் அணியின் வீரர்கள் சிலர் குழந்தைகள் வார்டுக்கு வந்தார்கள். கையெழுத்துப் போட்ட ஜெர்சி கொடுத்தார்கள், எல்லாருடனும் படம் எடுத்துக்கொண்டார்கள், அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் அணியின் பக்கத்தில் காணொளி வந்தது. அதில் எங்கள் பையனின் முகமும் இருக்கிறது.

அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அத்தானுக்கோ கடுங்கோபம். "நம்ம பிள்ளையோட நோய் அவங்களுக்கு விளம்பரமா?" என்கிறார். எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிகிறது. ஒரு வீரர் ஒரே வாரத்தில் வாங்கும் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் இந்தத் தொண்டெல்லாம் சில்லறை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அணியின் சமூகப் பிரிவு இப்போது தன்னார்வலர்களைக் கேட்டிருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். இதெல்லாம் உண்மையான தொண்டுதானா? நான் சேரலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில், பையன் நல்லபடியாகக் குணமாகி வீடு திரும்ப வேண்டும். அந்த அரை மணி நேரம் அவனுக்குக் கொடுத்த சந்தோஷம் பொய்யில்லை. பெரியவர்கள் இதைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தாலும், அவனிடமிருந்து அதைப் பறித்துவிடாதீர்கள்.

உங்கள் அத்தான் கோபப்படுவதும் சரிதான். படம் எடுக்கலாமா என்று கட்டில் பக்கத்தில் நின்று கேட்பது கேட்டதாகவே ஆகாது. பிள்ளை கொண்டாடும் வீரர் எதிரில் நிற்கிறார், பிள்ளையின் முகம் மலர்ந்திருக்கிறது, அந்த நிமிடத்தில் எந்த அப்பா 'வேண்டாம்' என்று சொல்வார்? வருகைக்குச் சில நாள் முன்பே பெற்றோரிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். மறுத்தாலும் வீரர்கள் அந்தக் கட்டிலுக்கு வருவார்கள், கேமரா மட்டும் வராது என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. பையனின் முகம் வரும் பகுதியை எடுத்துவிடச் சொல்லி அத்தான் இரண்டு வரி எழுதட்டும். காரணம் சொல்ல வேண்டிய அவசியம்கூட அவருக்கு இல்லை.

ஆனால் விளம்பரம் இருந்தாலே தொண்டு போலி என்று நான் நினைக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த ஒரு சம்பவம். உங்கள் வார்டில் நடந்ததைப் போலவே தொடங்கியது அது.

1948 மே 22. குழந்தைகள் மருத்துவமனையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த 12 வயதுப் பையன் ஒருவனோடு ஒரு வானொலி நிகழ்ச்சி நேரலையில் பேசியது. பேஸ்பால் அணியான பாஸ்டன் பிரேவ்ஸின் வீரர்கள் ஒவ்வொருவராக அவன் அறைக்குள் வந்தார்கள். பையனுக்கு ஓர் ஆசை: பிரேவ்ஸ் ஆடும் ஆட்டங்களைப் படுக்கையிலிருந்தே பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும். நேயர்கள் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். 2 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை மருந்தால் தணிக்க முடியும் என்று அப்போதுதான் காட்டத் தொடங்கியிருந்த சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவரின் ஆராய்ச்சிக்கு அந்தப் பணம் போனது. 'ஜிம்மி ஃபண்ட்' என்ற புற்றுநோய் நிதி பிறந்தது இப்படித்தான்.

இது முழுக்க முழுக்க விளம்பரம்தான். நாடே கேட்டது. ஆனால் அந்தப் பையனின் பெயர் ஜிம்மி இல்லை. அவன் யார் என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்காக வைத்த பெயர் அது. அவன் பிழைத்து, வளர்ந்து, குடும்பஸ்தனாகி வாழ்ந்தான். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1998-ல்தான் 'ஜிம்மி' யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. ஒரு பிள்ளையின் நோயைச் சொல்லிப் பணம் திரட்டும்போதே அந்தப் பிள்ளையின் அடையாளத்தைக் காப்பாற்ற முடியும் என்று 1948-லேயே செய்து காட்டியிருக்கிறார்கள். உங்கள் அணிக்கு எழுதும்போது அத்தான் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்கப்புறம் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 1953-ல் பிரேவ்ஸ் அணி பாஸ்டனை விட்டு மில்வாக்கி நகருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நிதி அதோடு முடிந்திருக்கலாம். அதே ஊரின் இன்னொரு அணியான ரெட் சாக்ஸ் பொறுப்பை எடுத்துக்கொண்டது. 1918-க்குப் பிறகு 2004 வரை பேஸ்பாலின் உச்சமான உலகத் தொடர் பட்டத்தையே பார்க்காத அணி அது. அத்தனை தோல்விக்கும் நடுவில் ஒவ்வோர் ஆண்டும் அந்த வேலை நடந்தது, இன்றும் நடக்கிறது.

ஆகவே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வீரர்கள் போன பிறகு யார் வருகிறார்கள்? உங்கள் வார்டுக்கு அந்த அணியிலிருந்து அடுத்த வாரம் யாராவது வந்தார்களா? பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாட, படிக்க, பெற்றோருக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க வாராவாரம் வருகிற ஒரே முகம் என்று யாராவது இருக்கிறார்களா? இருந்தால் வீரர்களின் வருகை அந்த வேலைக்கு ஒரு கொண்டாட்ட நாள். இல்லையென்றால் அத்தான் சொன்னதுதான் சரி.

இந்தத் தொடர்ச்சி தானாக வந்துவிடாது. கிளாஸ்கோவின் செல்டிக் அணி தொண்டுக்காகவே பிறந்தது. நகரின் கிழக்குப் பகுதியில் ஐரிஷ் குடியேறிகளின் பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மதியச் சாப்பாடு போடப் பணம் வேண்டும் என்று 1887 நவம்பரில் பிரதர் வால்ஃப்ரிட் என்ற தலைமையாசிரியரும் கூட இருந்தவர்களும் அந்த அணியைத் தொடங்கினார்கள். ஐந்தே ஆண்டுகளில் வால்ஃப்ரிட்டை அவர் சேர்ந்திருந்த கத்தோலிக்கத் துறவற சபை லண்டனுக்கு மாற்றிவிட்டது. 1897-ல் அணி ஒரு வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவானது. பங்குதாரர்கள் வந்தார்கள், சாப்பாட்டு மேசை பின்னுக்குப் போனது. தொண்டுக்கென்று தனியாக ஒரு நிதியை அணி மறுபடி அமைத்தது 1995-ல். பசித்த பிள்ளைகளுக்காகவே உருவான அணிக்கே இந்தக் கதி என்றால், மற்ற அணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நல்லவரின் மனதை மட்டும் நம்பி நடக்கும் தொண்டு அவர் ஊர் மாறினால் நின்றுவிடும். அதற்கென்று தனி அமைப்பும் சம்பளம் வாங்கும் ஆட்களும் தனிக் கணக்கும் வேண்டும்.

அடுத்து, உங்கள் நண்பர்களின் சில்லறைக் கணக்கு. அணிகள் இன்னும் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பணத்தை அரசு தரலாம், அறக்கட்டளை தரலாம், யாரும் தரலாம். அவர்கள் யாரிடமும் இல்லாத ஒன்று அணியிடம் இருக்கிறது. மருத்துவர் கூப்பிட்டால் போகாத மனிதன் தன் அணி கூப்பிட்டால் போகிறான்.

ஸ்காட்லாந்தில் இதை முறையாகச் சோதித்தே பார்த்தார்கள். நடுவயது ஆண்கள் எடைக் குறைப்பு வகுப்புகளுக்கு லேசில் வருவதில்லை. அதெல்லாம் பெண்கள் விஷயம் என்ற எண்ணம், வெட்கம், நமக்கு ஒன்றும் ஆகாது என்ற அசட்டை. ஆராய்ச்சியாளர்கள் அவர்களை மருத்துவமனைக்குக் கூப்பிடாமல், அவர்கள் உயிரையே வைத்திருக்கும் மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். நாட்டின் 13 முன்னணிக் கால்பந்து அணிகள் சேர்ந்தன. 35 முதல் 65 வயது வரை, எடை மிகுந்த 747 ஆண்கள். வாரம் ஒரு நாள், 12 வாரம். பாடம் நடத்தியவர்கள் அணியின் சமூகப் பயிற்சியாளர்கள். சாப்பாட்டில் என்ன மாற்றலாம், எவ்வளவு நடக்கலாம் என்று பேச்சு, அப்புறம் அந்த மைதானத்திலேயே உடற்பயிற்சி. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வேளாவேளைக்குக் கேலரியில் உட்கார்ந்து பார்த்த இடத்தின் உள்ளே இப்போது இவர்களே நடக்கிறார்கள்.

பாதிப் பேருக்கு உடனே பயிற்சி, மீதிப் பேருக்கு ஓராண்டு கழித்து என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஓராண்டு முடிவில் இரண்டு குழுக்களுக்கும் இடையே சராசரியாக 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம் இருந்தது. 2014-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் இந்த முடிவுகளை வெளியிட்டது. மூன்றரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, முதலில் பயிற்சி பெற்றவர்களின் எடை தொடக்கத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 3 கிலோ அளவு குறைந்தே இருந்தது. எடை குறைப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் போன எடை திரும்பி வந்துவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். இதற்குப் பெரிய நட்சத்திரம் யாரும் வரத் தேவைப்படவில்லை. அணியின் வண்ணமும், அந்த மைதானமும், தன்னைப் போலவே தொப்பை வைத்திருக்கும் சக ரசிகர்களின் கூட்டமும் போதுமானதாக இருந்தது.

இந்த மாதிரி வேலையைத்தான் நான் அணியின் உண்மையான தொண்டு என்பேன். இது நல்ல காணொளியாக வராது. ஐம்பது வயதுக்காரர் மூச்சு வாங்கப் படியேறுவதை யார் பகிரப்போகிறார்கள்? ஆனால் ஒரு குடும்பத்துக்கு அப்பா இன்னும் பத்து வருஷம் இருப்பதற்கு இது உதவலாம்.

'அணி ஊருக்குத் தருகிறது' என்று பேசும்போது ஊர் அணிக்குத் தந்ததை மறந்துவிடுகிறோம். ஜெர்மனியின் யூனியன் பெர்லின் அணி 2004-ல் லீக்கில் ஆடும் உரிமம் பெறப் பணமில்லாமல் தவித்தபோது, ரசிகர்கள் ரத்தம் கொடுத்து, அதற்குக் கிடைத்த தொகையை அணிக்குத் தந்தார்கள். 2008-09-ல் பாழடைந்த மைதானத்தைப் புதுப்பிக்க 2,000-க்கும் மேற்பட்டவர்கள் கூலி வாங்காமல் சுமார் 1,40,000 மணி நேரம் உழைத்தார்கள். எல்லா ஊரிலும் இவ்வளவு நாடகமாக நடப்பதில்லை. ஆனால் தோற்கும் காலத்திலும் டிக்கெட் வாங்கி, பிள்ளைக்கு ஜெர்சி வாங்கி, அந்த அணியைத் தூக்கிப் பிடித்தது அந்த ஊர்தான். அதனால் அணி செய்வதைத் தயவாக நினைத்து நீங்கள் கூச்சப்பட வேண்டாம், அத்தானும் அவமானப்பட வேண்டாம். அது கொடுத்தவர்களுக்குத் திரும்பி வருவது. உரிமையோடு இன்னும் கேட்கலாம்.

சரி, சேரலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். சேருங்கள். சேர்வதற்கு முன் கொஞ்சம் விசாரியுங்கள். அந்தப் பிரிவு அணியின் விளம்பரத் துறைக்குக் கீழ் இருக்கிறதா, தனி அறக்கட்டளையா என்று பாருங்கள். இங்கிலாந்தில் பெரும்பாலான அணிகளின் சமூகப் பிரிவுகள் பதிவு செய்யப்பட்ட தனி அறக்கட்டளைகள், ஆண்டுக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கணக்கில் எவ்வளவு பணம் அணியிலிருந்து வருகிறது, எவ்வளவு அரசு, லீக், நன்கொடையாளர்களிடமிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். பல இடங்களில் வெளியிலிருந்து வரும் பணம்தான் அதிகம், பெயர் மட்டும் அணியுடையது. அது குற்றமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய ஆண்டில் அந்தப் பிரிவில் ஆட்குறைப்பு நடந்ததா என்றும் கேளுங்கள். அந்தப் பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பதில் திருப்தி இல்லையென்றாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. லிவர்பூல் நகரின் பரம எதிரிகளான எவர்டன், லிவர்பூல் ரசிகர்கள் 2015-ல் சேர்ந்து, ஆட்ட நாள்களில் மைதானத்துக்கு வெளியே நின்று உணவு வங்கிக்குப் பொருள் சேர்க்கத் தொடங்கினார்கள். எந்த நிர்வாகமும் உத்தரவு போட்டு நடந்ததல்ல அது. தொண்ணூறு நிமிடம் ஒருவரையொருவர் ஏசிக்கொள்கிறவர்கள் ஒரே வண்டியில் பருப்பு டப்பாக்களை ஏற்றினார்கள். அந்த யோசனை மற்ற ஊர் ரசிகர்களுக்கும் பரவியது.

ஒருவேளை சேர்ந்தால், பரிசளிப்பு, விழா என்று ஒருநாள் வேலை கேட்காதீர்கள். ஒரே இடத்துக்கு ஒரே கிழமையில் போகிற வேலை கேளுங்கள், ஒரு சீசன் முழுக்க வர முடியும் என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். மூன்று வாரம் வந்து நின்றுபோகிற பெரியவர்களை நோயுற்ற பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள். குழந்தைகளோடு பழகும் வேலை என்பதால் உங்கள் பின்னணியை விசாரிப்பார்கள், பயிற்சிக்கு வரச் சொல்வார்கள், சில வாரம் காத்திருக்கவும் வைப்பார்கள். அதற்கு எரிச்சல்படாதீர்கள். அப்படி எதுவும் கேட்காமல் நாளைக்கே வார்டுக்கு வாருங்கள் என்று சொன்னால், அந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.