கார் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தால்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறோம். வீடு கட்டி 22 ஆண்டுகள் ஆகின்றன, ஒருமுனை மின்இணைப்புதான். வாரத்தில் ஐந்து நாட்கள் புதுச்சேரிக்கு வேலைக்குச் சென்று திரும்புவதற்காக மின்சாரக் கார் வாங்கியுள்ளேன். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் பொருத்த மும்முனை இணைப்பு வேண்டும் என்கிறார்கள். அதுவரை காருடன் வந்த சிறிய சார்ஜரைப் போர்டிகோவில் உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏறவில்லை. பிளக் பெட்டிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. மற்ற கேள்விகளுக்கு இரண்டு வாரம் கழித்துக்கூட விடை தேடலாம்; இதற்கு மட்டும் இன்றே விடை தெரிந்தாக வேண்டும்.

கார் சார்ஜர், வீட்டிலுள்ள மற்றக் கருவிகளைப் போல் அல்லாமல், எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதித்த பிறகே மின்சாரத்தைக் காருக்குள் அனுப்பும். நியூட்ரலைக் கொண்டுபோய் எர்த் முனையில் கட்டினால் அந்தச் சோதனை ஏமாந்துபோகும்; விளக்கும் பச்சையாகிவிடும். ஆனால் கம்பத்திலோ சர்வீஸ் ஒயரிலோ நியூட்ரல் இணைப்பு ஒருநாள் அறுந்தால் (கடற்காற்றில் உப்பேறிய இணைப்புகள் அறுவது நம் ஊரில் புதிதல்ல), வீட்டிலுள்ள விளக்கு, மின்விசிறி வழியாகத் திரும்ப வேண்டிய மின்சாரம் அந்தத் துண்டு ஒயரைப் பிடித்துக் காரின் உடலுக்கு வந்து நிற்கும். நான்கு டயரும் ரப்பர் என்பதால் அது தரைக்கும் இறங்காது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று கதவைத் திறக்கும் முதல் ஆளின் வழியாகத்தான் இறங்கும். அப்படிக் கட்டிய வீடுகளில் ஆர்சிசிபி (மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழும் என்பதால் அதையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள் என்பது இன்னொரு கொடுமை.

சிவப்பு விளக்குக்கான காரணத்தை முதலில் பிளக்கிலேயே தேடுங்கள். மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தால், கடலோர வீடுகளில் பித்தளைத் திருகுகளின் மேல் பச்சை பூத்திருப்பதையும், அதை ஒட்டிய ஒயரின் உறை பழுப்பேறி நொறுங்குவதையும் காணலாம். பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் சில சார்ஜர்கள் சிவப்பு காட்டும். அது ஐந்து நிமிட வேலை. இரண்டும் இல்லையென்றால் எர்த் குழியைத் திறந்தாக வேண்டும். புதுப்பாளையத்தில் ஒரு வீட்டில் நான் மூடியைத் தூக்கியபோது, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் கழுத்தில் இருந்த கிளாம்ப், கை பட்டதும் துரு உதிர்ந்து கையோடு வந்துவிட்டது. எர்த் ஒயர் எதையும் தொடாமல் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் பல ஆண்டுகளாகக் குளிர்சாதனப் பெட்டியும் வாஷிங் மெஷினும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

உங்கள் பகுதியின் மணலில் மேல்மண் கோடையில் காய்ந்துவிடும். அப்போது எர்த் தடை ஏறும். ஆழத்திலுள்ள உவர்நீரோ ஜிஐ குழாயை அரிக்கும். ஆகவே செம்பு பூசிய கம்பியை ஈரம் எட்டும் ஆழத்துக்கு இறக்கி, உப்பு, கரிக்குப் பதிலாக பென்டோனைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண் வகை) இட்டுப் புதுக் குழி போடச் சொல்லுங்கள். எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, தடை 5 ஓமுக்குக் கீழே இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

இனி சார்ஜர். போய்வர ஏறத்தாழ 50 கி.மீ. என்றால் நாளொன்றுக்கு 8 யூனிட் அளவில் செலவாகும். சிறிய சார்ஜர் அதை மூன்று மணி நேரத்தில் ஏற்றிவிடும். இரவு முழுக்க நேரம் இருக்கும்போது 7.2 கிலோவாட் உங்களுக்குக் கட்டாயமில்லை என்பதே என் கருத்து. மேலும், காருக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட் திறன் கொண்டதாக இருந்தால், சுவரில் எவ்வளவு பெரிய பெட்டியை மாட்டினாலும் வேகம் கூடாது. வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பழைய பிளக்கையே பயன்படுத்த வேண்டாம். வாட்டர் ஹீட்டர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் சார்ஜரோ மணிக்கணக்கில் முழு மின்னோட்டத்தை இழுக்கும். தளர்ந்த திருகும் மெல்லிய ஒயரும் அந்தச் சூட்டில்தான் உருகுகின்றன. டிபி பெட்டியிலிருந்து (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) வேறெதற்கும் கிளை பிரியாத 6 சதுர மி.மீ. செம்பு ஒயரை இப்போதே இழுத்து, தனி எம்சிபியும் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வையுங்கள். நாளை சுவர் சார்ஜர் வந்தால், தொலைவு 20 மீட்டருக்குள் இருக்கும்வரை அதே ஒயர் 32 ஆம்பியரைத் தாங்கும். எம்சிபியை மட்டும் 40 ஆம்பியராக மாற்றினால் போதும். ஆர்சிசிபி ஏ வகையாக இருக்கட்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏசி வகை, காரிலிருந்து கசியக்கூடிய நேர்மின்னோட்டத்தை உணராது. 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டறியும் வசதி சார்ஜரிலேயே இல்லாவிட்டால் பி வகை வேண்டும்.

மும்முனை இணைப்புக்கு எப்படியும் விண்ணப்பித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 4 கிலோவாட் வரைதான் ஒருமுனை. ஒரு ஏசியும் காரும் சேர்ந்தாலே நீங்கள் அந்த எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். மின்இணைப்பு இன்னும் தந்தையார் பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்தை முதலில் முடித்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். மும்முனை வந்தாலும் 7.2 கிலோவாட் சார்ஜர் ஒரு பேஸில் மட்டுமே இயங்கும். ஒரு பேஸ் போனதும் பேஸ் சேஞ்சரைத் திருப்பி வீடு முழுவதையும் மற்றொரு பேஸில் ஓட்டும் நம் வழக்கம் இங்கே ஆபத்தாகும். ஏசியும் மோட்டாரும் சார்ஜருடன் ஒரே பேஸில் ஏறினால் சர்வீஸ் ஒயர் தாங்காது. சார்ஜரை அந்தச் சுவிட்சுக்கு வெளியே தனியாக வையுங்கள். இன்வெர்ட்டர் லைனிலும் சேர்க்க வேண்டாம்.

இருக்கும் வீட்டு இணைப்பிலேயே சொந்தக் காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. எனினும் இரண்டு மாதக் கணக்கில் காருக்கு மட்டும் ஏறத்தாழ 350 யூனிட் கூடும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகை விலையும் போய்விடும் என்பதால், பில் காருக்கான யூனிட்டுகளின் விலையை விட அதிகமாக எகிறும்.

கடைசியாக, பொருத்தும் உயரம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை திறப்பால் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். சுவரில் அந்தக் கறை இருந்தால் அதற்கு மேலே இரண்டடி விட்டுப் பெட்டியையும் எம்சிபிகளையும் பொருத்துங்கள். தண்ணீர் ஏறும் என்று தெரிந்த இரவில் காரை மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தும் முன் அந்த எம்சிபியை அணைத்துவிடுங்கள்.